முதல் தலைமுறை வக்கீலுக்கு யார் துணை?

சென்னை சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்த காலத்தில், மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் நடந்தே கோர்ட்டுக்குள் போய்விடலாம். பெரிய வக்கீல்கள் வாதாடுவதைப் பின்வரிசையில் நின்று கேட்கலாம். தாழ்வாரத்தில் தென்படும் முன்னாள் மாணவரிடம், “அண்ணா, லீவில் உங்க ஆபீசுக்கு வரலாமா?” என்று கேட்கலாம். 1891இல் தொடங்கிய அந்தக் கல்லூரி 2018இல் இடம்பெயர்ந்தது. இன்று அதன் வகுப்புகள் புதுப்பாக்கத்திலும் பட்டரைப்பெரும்புதூரிலும் நடக்கின்றன. கோர்ட் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டது.

இந்தத் தொலைவு எல்லா மாணவருக்கும் ஒன்றல்ல. அப்பாவோ சித்தப்பாவோ வக்கீலாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஆபீஸ், குமாஸ்தா, புத்தக அலமாரி, கட்சிக்காரர்கள் எல்லாம் பழகிய சூழல். விவசாயி வீட்டிலிருந்தோ ஆட்டோ ஓட்டுநர் வீட்டிலிருந்தோ வரும் மாணவருக்கு, பட்டம் வாங்கும்வரை ஒரு வக்கீலைக்கூட நெருக்கமாகத் தெரிந்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் அதே கல்லூரியில் படித்துவிட்டுப் போன அண்ணன்களும் அக்காக்களும்தான்.

புதிய வக்கீல் ஒரு சீனியரிடம் பயிற்சி பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இன்று சட்டத்தில் இல்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் பயிற்சிக்கு இடம் இருந்தது. 1973இல் வந்த திருத்தம் அதை நீக்கியது. 1995இல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. அவ்விதி செல்லாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறிவிட்டால் கோர்ட்டில் வாதாடலாம்.

ஆனால் தொழில் அப்படி வந்துவிடுவதில்லை. தாக்கல் செய்த மனு ஏன் ரிட்டர்ன் ஆனது, எப்போது வாய்தா கேட்கலாம், எந்தச் சாட்சியிடம் எந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பதெல்லாம் சீனியரின் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பவை. லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பிய காந்தி, பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். வாய் திறக்க முடியவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். சட்டங்களைப் படித்திருந்தும் வக்கீல் தொழிலைக் கற்கவில்லை என்ற கலக்கத்தை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நல்ல ஆபீஸ் ஒருவரை எப்படி வளர்க்கும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. ‘ஜெய் பீம்’ படத்தால் பலரும் அறிந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, படிப்பு முடிந்ததும் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்துவந்த ரோ அண்ட் ரெட்டி நிறுவனத்தில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் பணியாற்றினார். பின்னாளில் அவர் எடுத்து நடத்திய வழக்குகளுக்கும் அந்த ஆபீசில் தொடங்கிய வாழ்க்கைக்கும் உள்ள உறவு வெளிப்படையானது.

சந்தர்ப்பவசமாக அமையும் இத்தகைய உறவைத் திட்டமிட்டே உருவாக்க முடியும். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் முன்னாள் மாணவரான பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் ‘ஐடியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வசதியற்ற மாணவர்களைத் தேடிப்பிடித்துச் சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவது அதன் முதல் வேலை. இடம் கிடைத்ததோடு கைவிடாமல், படிக்கும் காலத்திலும் வழிகாட்டிகளைத் துணைக்குத் தருகிறது. 2019இல் பஷீர் மறைந்த பிறகும் அமைப்பு இயங்கிவருகிறது.

முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கொரு விழாவும் குழுப் படமும் எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. யார் எந்தத் துறையில் இருக்கிறார், யாரிடம் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் உண்டு என்ற பட்டியல் ஒன்றே பல மாணவர்களின் பாதையை மாற்றிவிடும். பெண் மாணவர்களுக்கு இது இன்னும் அவசியம். எந்த ஆபீசில் மரியாதை உண்டு, எங்கே வேலை நேரத்துக்கு ஒழுங்கு உண்டு என்பதை அங்கே இருந்துவந்த ஓர் அக்காதான் சொல்ல முடியும்.

காசு பற்றியும் பேசியாக வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சீனியர்களை அறிவுறுத்துமாறு, 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சொந்த ஊரிலிருந்து வாடகைக்குப் பணம் வர வழியில்லாத ஜூனியர், சம்பளமில்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்? தம் ஜூனியருக்கு ஒழுங்காகக் கொடுக்கும் முன்னாள் மாணவரே நல்ல வழிகாட்டி.

நீதிபதி ஆக விரும்புவோருக்கும் இந்த உறவு முன்னைவிட முக்கியமாகியிருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அனுபவத்துக்குக் குறைந்தது பத்தாண்டு தொழிலில் இருக்கும் வக்கீல் சான்று தரலாம். உரிய நீதித்துறை அலுவலர் அதை ஏற்று ஒப்பமிட வேண்டும்.

மாணவர் செய்ய வேண்டியதும் உண்டு. முதல் சந்திப்பிலேயே வேலை கேட்பதைவிட, அந்த வக்கீல் நடத்திய ஒரு வழக்கின் தீர்ப்பைப் படித்துவிட்டுப் போய் இரண்டு கேள்வி கேட்பது நல்லது. சொன்ன நேரத்துக்குப் போய், கொடுத்த வேலையை முடித்துக் காட்டினால் உறவு தானாக நீளும்.

ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வார இன்டர்ன்ஷிப், ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மிகாமல் என்கிறது பார் கவுன்சில் விதி. ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களில் ஐந்து பேர் ஆளுக்கு நான்கு வாரம் ஒரு மாணவரை ஏற்றுக்கொண்டால் கணக்கு முடிந்தது. முதலாண்டு சட்ட உதவி மையம், அடுத்து மாவட்ட நீதிமன்றம், பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகம், நிறுவனத்தின் சட்டப் பிரிவு, கடைசியில் உயர் நீதிமன்றம் என்று பார்த்துவிட்டு வரும் மாணவருக்குப் பட்டம் வாங்கும் நாளில் ஐந்து சீனியர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசும் உரிமை இருக்கும்.