ஒரு மாத அமானிதம்

“மத்தாக்கள்ட ஊட்டுக்குக் காவலிருக்கவா மகள் லண்டனுக்குப் போன?”

தொலைபேசியில் உம்மா கேட்ட முதற் கேள்வி இது. நாங்கள் இருந்தது லண்டனில் அல்ல. அங்கிருந்து மேற்கே ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கும் அதிகமான தூரத்தில், டெவன் மாவட்டத்தின் எக்ஸிட்டர் நகரில். ஆனால் உம்மாவுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். கேள்வியின் மறுபாதி சரியாகவே இருந்தது. 2023 ஒக்டோபரில் நானும் கணவரும் பிறருடைய வீடொன்றில் காவலிருக்க ஒப்புக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு மட்டுமா? ஒரு நாய், இரண்டு பூனைகள், இரண்டு குள்ள ஆடுகள், ஏழு கோழிகள் எல்லாவற்றுக்கும்தான்.

அந்த நாடுகளில் இது புதிய வழக்கமல்ல. வீட்டுக்காரர் பிரயாணம் போகும்போது நம்பிக்கையான ஒருவர் வந்து அந்த வீட்டிலேயே தங்கி, வீட்டையும் பிராணிகளையும் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் காசு கைமாறுவதில்லை. ஒரு பக்கத்துக்குப் பராமரிப்பு, மறுபக்கத்துக்குத் தங்குமிடம். இதற்கென ஆட்களை இணைத்துவைக்கும் நிறுவனங்களும் உள்ளன. 2010இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘டிரஸ்டட்ஹவுஸ்சிட்டர்ஸ்’ அவற்றுள் பலரும் அறிந்த ஒன்று. நாங்கள் அந்த வழியாகப் போகவில்லை. நகர நூலகத்தில் ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரே எங்களிடம் கேட்டார். நியூசிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்க அவரும் கணவரும் நான்கு வாரம் போக வேண்டியிருந்தது.

நமது ஊரில் இப்படியொரு தேவை எழுவதில்லை. உம்ராவுக்குப் போனால் சாவியைச் சாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போவோம். பூனைக்கு மீன் தலை போடச் சொல்லி மதிலுக்கு அப்பால் ஒரு குரல் கொடுத்தால் போதும். அங்கே பிள்ளைகள் தூர நகரங்களில் இருப்பார்கள். நாயையும் பூனையையும் கட்டணம் வாங்கித் தங்கவைக்கும் இடங்கள் உண்டு. ஆட்டையும் கோழியையும் எங்கே கொண்டுபோய் விடுவது? இன்னொரு காரணமும் இருக்கிறது. வீடு 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பல வீட்டுக் காப்புறுதிகள் சில இழப்புகளுக்குப் பணம் தருவதில்லை. ஆகவே வீட்டில் ஒரு விளக்கு எரிவது அவர்களுக்கும் இலாபம்.

பெற்றோர் வாசிப்பீர்கள் என்பதால் விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணவர் மாணவர் விசாவில் இருந்தார். அவருடைய துணையாகச் சென்ற எனக்கு வேலை செய்யவும் அனுமதி இருந்தது. சுற்றுலா விசாவில் போகும் ஒருவர், “காசு வாங்கவில்லை, வீடுதான் பார்க்கிறேன்” என்று சொன்னாலும் குடிவரவு அதிகாரி அதை வேலையாகக் கருதக்கூடும். தங்குமிடமும் ஒருவகைக் கூலிதானே. விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. இதை முதலிலேயே விசாரிக்காமல் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அந்த அம்மையார் எங்களை அழைத்து வீட்டைக் காட்டி, கையால் எழுதிய ஒரு கொப்பியைத் தந்தார். மிருக வைத்தியரின் இலக்கம், எவ்வளவு செலவு வரை கேட்காமல் சிகிச்சை செய்யலாம் என்ற கடிதம், தண்ணீர்க் குழாயை மூடும் இடம், அயல் வீட்டுக்காரரின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. பதினோரு பக்கங்கள். அந்தக் கொப்பியில் தவறாகிப்போனது ஒரேயொரு வரிதான். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் நாய். பெயர் மெக். ஆடு மேய்க்கும் கொலி இனம். அந்த இனத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காலையும் மாலையும் ஒவ்வொரு மணித்தியாலம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழிகளையே வட்டம்கட்டி மேய்க்கத் தொடங்கிவிடும். எனக்கோ சிறுவயது முதல் நாய் என்றால் பயம். அதோடு நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். இதைத் தயங்காமல் அவர்களிடம் சொன்னோம். சொன்னது நல்லதாயிற்று. மாடிப்படியின் அடியில் ஒரு சிறு தடுப்புக் கதவைப் பொருத்தி, மேல்மாடி முழுவதையும் எங்களுக்கென ஒதுக்கித் தந்தார்கள். தொழுகைக்கான உடையும் விரிப்பும் மேலே. கீழே இறங்கினால் நீண்ட மழைச் சட்டை, இறப்பர்ச் சப்பாத்து, கையுறை. வெளியே கூட்டிச் செல்வதைக் கணவர் ஏற்றுக்கொண்டார், உணவு வைப்பது என் பங்கு. மூன்றாம் வாரமளவில் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் பாதி போனது.

நடைக்கும் சட்டம் உண்டு. டெவனில் பொது நடைபாதைகள் வயல்களின் ஊடாகவே போகும். செம்மறிகள் மேயும் வயலில் நாய் அவற்றைத் துரத்தினால், 1953ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அது குற்றம். தன் கால்நடையைக் காக்க வேறு வழியில்லாதபோது விவசாயி நாயைச் சுட்டாலும் சட்டம் பல வேளைகளில் அவர் பக்கமே நிற்கும். எனவே வேலியைத் தாண்டியதும் கயிறு கையிலிருந்து நழுவக்கூடாது.

பூனைகளில் ஒன்று பதினாறு வயதுக் கிழவி. தைரொயிட் நோய்க்காக அதற்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள். மீனுக்குள் ஒளித்துக் கொடுத்தால் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கோப்பையின் ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகும். மற்றப் பூனை எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடுகள் இரண்டும் முழங்கால் உயரம். நமது ஊரில் ஆட்டுக்குப் பலா இலை ஒடித்துப் போடுவதைப்போல, வேலியோரம் செழித்து நின்ற பளபளப்பான இலைக்கொத்து ஒன்றை நானும் ஒடிக்கப் போனேன். அயல் வீட்டுக்காரர் ஓடிவந்து தடுத்தார். அது ரொடோடென்ட்ரன். அழகுக்காக வளர்க்கும் அந்தச் செடியின் சில இலைகளே ஆட்டைக் கொல்லப் போதும். தேவாலய முற்றங்களில் நிற்கும் யூ மரமும் அப்படித்தான். அன்றிலிருந்து கொப்பியில் இல்லாத எதையும் நான் அவற்றுக்குக் கொடுக்கவில்லை.

கோழிகளுக்கும் அப்படியே. மிஞ்சிய சோற்றைக் கோழிக்கு வீசுவது எங்களுக்குக் கைப்பழக்கம். அங்கே சமையலறைக் கழிவைக் கோழிக்குப் போடுவது, இரண்டே கோழிகளைச் செல்லமாக வளர்ப்பவருக்குக்கூடச் சட்டவிரோதம். முதலில் சிரித்தேன். காரணம் தெரிந்தபோது சிரிப்பு நின்றது. 2001இல் அந்த நாட்டில் கால்வாய் நோய் பரவியது. சரியாகக் கொதிக்கவைக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதிலிருந்தே அது தொடங்கியதாக நம்பப்படுகிறது. அதை அடக்க 60 இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள். மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் டெவனும் ஒன்று. அயல் வீட்டுக்காரரின் மந்தையும் அதில் போனதாம். அவர் அதைச் சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்கு மாறிவிட்டார்.

இனி அந்த ஒரு வரி. “கோழிக்கூட்டின் கதவை மாலை 6.30க்கு மூடவும்” என்று கொப்பியில் எழுதியிருந்தது. மாலையானால் கோழிகள் தாமாகவே கூட்டுக்குள் ஏறிவிடும். இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது. நாம் செய்ய வேண்டியது கதவைத் தாழிடுவது மட்டுமே. அதைச் செய்யத் தவறினால் நரி வரும். டெவனில் மட்டுமல்ல, லண்டனின் வீதிகளில்கூட நரி உலாவும். நான் கைத்தொலைபேசியில் 6.30க்கு மணி வைத்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளப்படும். அந்த ஆண்டு அது 29ஆம் திகதி. 1996இல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இலங்கையிலும் நேரத்தை மாற்றியபோது ‘பழைய நேரம், புதிய நேரம்’ என்று வீடுகளில் நடந்த குழப்பம் பெற்றோருக்கு நினைவிருக்கும். நமது நாட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது முக்கால் மணித்தியால இடைவெளிக்குள்தான். அங்கே ஒக்டோபரில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் முந்தி மறையும். அதற்கு மேல் இந்த மாற்றம். சனிக்கிழமை மாலை 6 மணியளவில் மறைந்த சூரியன், ஞாயிற்றுக்கிழமை 5 மணிக்கு முன்பே மறைந்துவிட்டது.

இதை நான் அறியாமல் இல்லை. தொழுகை நேரம் காட்டும் செயலி தானாகவே மாறியிருந்தது. “இன்றைக்கு மஃரிப் எவ்வளவு வேளைக்கு!” என்று சொல்லிக்கொண்டேதான் தொழுதேன். பிறகு சமையலுக்குப் போனேன். 6.30க்கு மணி அடித்தது. கைவிளக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

கூட்டின் வாசலில் இறகுகள். ஒரு கோழி கழுத்து முறிந்து கிடந்தது. ஒன்று இல்லவே இல்லை. மூன்று மேல்சட்டத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சத்தமின்றி நின்றன. மற்ற இரண்டையும் வேலிக்கடியில் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் சென்றது. பசிக்கு ஒன்றோடு நரி நிற்பதில்லை, கூட்டுக்குள் நுழைந்தால் அகப்படுவதையெல்லாம் கடிக்கும் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

நகரில் இருந்த ஒரு தோழிக்கு அழுதுகொண்டே சொன்னேன். அவள் என்மீது கொண்ட அன்பில் ஒரு வழி சொன்னாள். “எல்லாம் ஒரே கபில நிறக் கோழிதானே. நாளைக்கே இரண்டை வாங்கி விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?” உண்மைதான். அந்தக் கலப்பினக் கோழிகளை எனக்கே பிரித்தறியத் தெரியாது. இதை எழுதும்போது மறைக்க விருப்பமில்லை: ஒரு கால் மணித்தியாலம் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. கணவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. “அமானிதமாகத் தந்தது உன் கையில்தானே” என்று மட்டும் சொல்லிவிட்டு இறகுகளைக் கூட்டப் போனார்.

நியூசிலாந்தில் அப்போது திங்கள் காலை. நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்பினேன். மஃரிபைச் சரியான நேரத்தில் தொழுதும் கோழியை மறந்துவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. அம்மையார் கொஞ்ச நேரம் பேசவில்லை. காணாமல் போனது அவருடைய கணவரின் காலடியில் எப்போதும் சுற்றும் கோழியாம். பிறகு சொன்னார்: அவர் ஒரு நாளும் மணி பார்த்து மூடியதில்லை, வெளிச்சத்தைப் பார்த்தே மூடுவார். எங்களுக்கு விளங்கட்டும் என்றே மணியை எழுதினார். எழுதும்போது மணிக்கூடு மாறப்போவது அவருக்கும் ஞாபகம் வரவில்லை. இனி ஒவ்வொரு இரவும் மீதி ஐந்தையும் எண்ணிப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டார். மிகுதி நாட்கள் அனைத்திலும் சட்டத்தில் வரிசையாக உட்கார்ந்த ஐந்து கோழிகளின் படம் நியூசிலாந்துக்குப் போனது.

அதன் பிறகு 6.30 மணியை அழித்துவிட்டேன். தொழுது, ஸலாம் கொடுத்து எழுந்தால் நேரே கோழிக்கூடு.

மீண்டும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள் என்றே நினைத்தேன். 2024 மார்ச் மாதக் கடைசியில் பத்து நாட்களுக்குக் கூப்பிட்டார்கள். ரமழான் மாதம். 31ஆம் திகதி மணிக்கூடு இம்முறை முன்னே தள்ளப்பட்டு, நோன்பு திறப்பது 6.40இலிருந்து 7.40 அளவுக்குப் போனதும் உம்மா பதறிப்போனார். ஸஹரும் ஒரு மணித்தியாலம் பிந்துகிறது என்று விளங்கவைக்க இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன. கொப்பி அதே கொப்பிதான். 6.30 என்ற வரி வெட்டப்பட்டு, அதன் மேல் “உங்கள் மாலைத் தொழுகை முடிந்ததும்” என்று எழுதியிருந்தது.

கோழிகள் மறுபடியும் ஏழாகியிருந்தன. புதியவற்றில் ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி. பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறந்து, தொழுதுவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனால் ஆறும் உள்ளே இருக்கும். கறுப்புக்கோழி மட்டும் வாசலில் நின்று என்னைப் பார்க்கும். அதைத் தூக்கி உள்ளே விட்டு, ஏழையும் எண்ணி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் கஞ்சி.