பேர் தெரியாத செடியை வீட்டுக்குள் விடாதீர்கள்

குழந்தை இலையைக் கடித்துவிட்டது. உதடு வீங்குகிறது, எச்சில் வழிகிறது, அழக்கூட முடியவில்லை. "என்ன செடி?" என்று மருத்துவர் கேட்கிறார். "பச்சையும் வெள்ளையுமா இருக்கும் சார், நர்சரியில வாங்கினது" என்பதற்கு மேல் பெற்றோரிடம் பதில் இல்லை. இப்படித்தான் மறுபடி மறுபடி நடக்கிறது. மிக்ஸி வாங்கினால் உத்தரவாத அட்டையைப் பத்து வருடம் பீரோவில் பூட்டி வைக்கிற நாம், செடி வாங்கும்போது பெயரும் கேட்பதில்லை, பில்லும் கேட்பதில்லை.

அழகுச் செடிகளில் எதற்கு அஞ்ச வேண்டும்? முதலில் அரளி. வறட்சி தாங்கும், ஆடு மாடு மேயாது, ஆண்டு முழுக்கப் பூக்கும் என்று எல்லாரும் நடுகிறார்கள். ஆடு மாடு ஏன் மேயவில்லை என்று யாரும் யோசிப்பதில்லை. வேர், தண்டு, இலை, பூ அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது. சருகை எரித்தால் அந்தப் புகையும் ஆகாது. மஞ்சள் அரளிக்கும் தொட்டியில் வளர்க்கும் அடினியத்துக்கும் இதே குணம்தான். கேரளத்தில் ஒரு இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபின், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அந்தப் பூவை விலக்கியது. நாமோ அதையே மாலையாகக் கட்டிக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டுகிறோம்.

அடுத்து, வரவேற்பறையில் வைக்கும் இலைச்செடிகள். டைபென்பேக்கியா, கலேடியம், பிலோடென்ட்ரான், மணி பிளான்ட் ஆகியவற்றின் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. சேப்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிப்பதும் இதனால்தான். டைபென்பேக்கியாவைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுக்கே சிரமம் வரலாம். முள்ளோடு சிவப்பாகப் பூக்கும் யூபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நாய் வளர்ப்பவர்கள் சைக்கஸ் வைக்கவே வேண்டாம். அதன் விதை நாயின் கல்லீரலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாயோ உள்ள வீட்டில் செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லிகை, டிசம்பர் பூ, கனகாம்பரம் நடுங்கள். இலையழகுக்கு அரேகா பனை, கலாதியா, ஸ்பைடர் பிளான்ட் போதும். அரளி வேண்டுமென்றால் கை எட்டாத வேலியோரத்தில் இருக்கட்டும். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள். வெட்டிய குச்சியைச் சமையலுக்கோ, குழந்தைகள் விளையாடவோ விடாதீர்கள்.

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். செடியின் பெயரோடு பில் கேளுங்கள். "பில் போட்டா ஜிஎஸ்டி வரும்" என்பார்கள். அது பொய். உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. தொட்டி, உரம் போன்றவற்றுக்குத்தான் வரி வரலாம். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் "செடி 1" என்று எழுதினால் ஏற்காதீர்கள். பெயர் வேண்டும், தாவரவியல் பெயரும் இருந்தால் மிக நல்லது. வீட்டுக்கு வந்ததும் செடியையும் பில்லையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே பெயர் தெரியாத செடி இருக்கிறதா? வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். எழுத்துப்பூர்வமான சான்று தேவைப்பட்டால், கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் கட்டணம் பெற்று அடையாளம் கண்டு தரும். வெறும் இலை போதாது. பூவோ காயோ உள்ள கிளையாகக் கொடுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயிலிருப்பதைத் துடைத்தெடுத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழையுங்கள். கடித்த செடியின் கிளையை ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் பால் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் செல்லுங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்ற எண்ணில் கேட்கலாம். அரளி என்றால், "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. இசிஜி பார்த்தே ஆகவேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: உப்புத் தண்ணீர் வேண்டாம்.

"இது போலீஸ் கேஸ், ஜிஎச்-க்கு போங்க" என்று சில தனியார் மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. அவசரச் சிகிச்சையைக் காவல்துறை நடைமுறைக்காக நிறுத்தக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொல்லி முதலுதவி கேளுங்கள். பிறகு விபத்துப் பதிவேட்டின் நகலையும் (ஏ.ஆர். காப்பி) டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்காமல் வராதீர்கள். இந்தக் காகிதங்கள் இல்லாத புகார் நிற்காது.

ஆபத்தான செடியை "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி விற்றிருந்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரு எச்சரிக்கை: எல்லாருக்கும் தெரிந்த ஆபத்தைத் தனியாக எச்சரிக்கத் தேவையில்லை என்ற விலக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு. அரளி வழக்கில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பலருக்கும் தெரியாத டைபென்பேக்கியா போன்ற செடிகளில் உங்கள் வாதம் வலுவானது.

வீட்டில் மட்டுமல்ல, பள்ளியிலும் பூங்காவிலும் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அரளி நட்டிருக்கிறார்கள். நட்ட ஒப்பந்ததாரர் பில் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போட்ட அதிகாரி செடியைப் பார்த்திருக்கவே மாட்டார். பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானமாகப் பதிவு செய்ய வையுங்கள். சென்னை மாநகராட்சிப் பூங்கா என்றால் 1913 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். மற்ற ஊர்களில் ஆணையருக்கு மனு கொடுங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதற்கும் பதிலில்லையா? பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இப்பூங்காவில் நடப்பட்ட செடிகளின் பட்டியல், ஒப்புதல் அளித்த அலுவலரின் பதவி" என்று தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இத்தனை அலைச்சலும் வேண்டாமென்றால் நர்சரியில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தச் செடியின் பெயர் என்ன, பில் எங்கே? இரண்டுக்கும் பதில் சொல்லாத கடையில் எவ்வளவு அழகான செடி இருந்தாலும் வாங்காதீர்கள்.