அம்மாவின் மூக்குக்கண்ணாடி

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் இரவு, 78 வயது அம்மா என்னைப் பார்த்து, “நீங்க யாரு தம்பி? அவர் வேலை முடிஞ்சு வர்ற நேரம், சோறு வடிக்கணும்” என்றார்.

அப்பா இறந்து பத்தாண்டுகள் ஆகின்றன. அதைச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல் அழுதார்.

மறதிநோயோ என்று பயந்தேன். மறுநாள் தாதி, “அம்மா கண்ணாடி போடுவாங்களா?” என்று கேட்டார். தொலைந்துவிடுமே என்று கண்ணாடியையும் காதுக்கருவியையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றது நான்தான்.

அறுவை சிகிச்சைக்குப்பின் முதியோருக்கு வரும் இத்திடீர்க் குழப்பத்தின் பெயர் ‘டெலிரியம்’. வலி, தூக்கமின்மை, கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. பெரும்பாலும் சில நாள்களில் தெளியும். ஆனால் சிலருக்கு நினைவாற்றல், கவனத் தடுமாற்றம் நீடிக்கலாம். 1998ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களில் ஒரு வாரத்தில் 26 விழுக்காட்டினரிடமும், மூன்று மாதங்களில் 10 விழுக்காட்டினரிடமும் அத்தடுமாற்றம் தெரிந்தது.

கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொண்டுவந்தேன். காலையில் திரையை விலக்கி, கிழமையைச் சொன்னேன். அப்பாவைக் கேட்டால் மறுத்துப் பேசாமல், “அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்மா?” என்றேன்.

ஐந்தாம் நாள், என் பெயரைச் சொல்லி அழைத்து, “சாப்பிட்டியா?” என்றார்.

பெற்றோரை அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறீர்களா? கண்ணாடியை மறக்காதீர்கள். பேச்சில் குழப்பம் தெரிந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.