சம்பளம் வந்ததும் வாட்ச் வாங்கப் போறீங்களா? முதல்ல மணிக்கட்டை அளங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்லயோ திருவள்ளூர் பக்கமோ வேலைக்குச் சேர்ந்த பசங்க பலருக்கு முதல் சம்பளத்துல ஒரு வாட்ச் வாங்கணும்னு ஆசை. தப்பே இல்ல. ஆனா போன்ல பார்த்துப் பிடிச்ச 46 மி.மீ. வாட்சை இ.எம்.ஐ.யில் எடுத்து, அது கையில் தட்டு மாதிரி நின்னா, வாட்ச் பெட்டியில் தூங்கும். தவணை மட்டும் மாசாமாசம் ஓடும்.

அதனால இரண்டு அளவு எடுங்க:

1. சுற்றளவு: மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்து, ஸ்கேலில் அளங்க. 16 செ.மீ.க்குக் கீழ் என்றால் 34–38 மி.மீ. வாட்ச், 16–18 என்றால் 38–42, அதற்கு மேல் என்றால் 42-ஐத் தாண்டலாம். இது தோராயக் கணக்குதான்.

2. மேல்புற அகலம்: ஸ்ட்ராப் மாட்டும் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை உள்ள நீளம்தான் 'லக் டு லக்'. இது மணிக்கட்டின் மேல்புற அகலத்தைத் தாண்டக் கூடாது. டயல் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

பெரிசுன்னா கெத்து என்பது வெறும் ஃபேஷன். அப்பா காலத்து எச்.எம்.டி. ஜனதா சுமார் 35 மி.மீ.தான்!

கடைசியா ஒரு கணக்கு. பல கம்பெனிகளில் மெஷின் பக்கம் வாட்ச் கட்ட விடமாட்டாங்க. அப்போ நிஜமா எத்தனை நாள் கட்டுவீங்க? 6,000 ரூபாய் வாட்சை 300 நாள் கட்டினா நாளுக்கு 20 ரூபாய். 20 நாளோட நிறுத்திட்டா நாளுக்கு 300 ரூபாய். நூலுக்கு ஆகிற செலவு? ஒண்ணுமே இல்ல.