மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்



கார் என்றதும், "இது ஆண்களின் பேச்சு" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது எது? காய்ச்சலில் துவளும் பிள்ளையைப் பத்து மைல் தூரம் சுமந்து போவது எது? வாகனம் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது பல வேளைகளில் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். வன்னி மக்கள் இதைப் பட்டு அறிந்தவர்கள்.

பழைய காரை வாங்கி, எஞ்சினைப் பிரித்து, வேகம் கூட்டி ஓட வேண்டும் என்ற ஆசை இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இருக்கிறது. ஆசைப்படட்டும். ஆனால் அதே பழைய கார்களை வன்னியில் எதற்காகப் பிரித்தார்கள், எப்படி மாற்றினார்கள் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பெற்றோல் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு போனது. 2002 ஜனவரியில்தான் அந்தத் தடை பெருமளவில் நீங்கியது.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களை விட்டு, வீடு வாசலைப் போட்டுவிட்டு வந்தவர்களில் பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். அதனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கதை நம்மில் பலருக்கு நேரில் தெரியாது. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெருந்தொகையானோர் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். காட்டோரக் கொட்டில்களில் சனம் நிறைந்தது. சைக்கிள்தான் பெரிய வாகனம். அதற்கு மேல் தேவைப்பட்டால்...?

அப்போது கைகொடுத்தவை பழைய பிரித்தானியக் கார்கள். ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்றவை மண்ணெண்ணெயில் ஓடின!

எப்படி ஓடின?

எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. பிளக் ஒரு பொறி போடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இவ்வளவுதான் விடயம்.

மண்ணெண்ணெயில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, அது குளிர்ந்த எஞ்சினில் இலேசில் ஆவியாகாது.  இரண்டாவது, அதிகம் அமுக்கினால் கலவை தானாகவே கண்டபடி எரிந்துவிடும். அப்போது எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும் சத்தம் கேட்கும். நாளடைவில் பிஸ்டன் உடையும்.

முதற் சிக்கலுக்கு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ட வழி ஒரு சின்னப் போத்தல். அதிலுள்ள சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறியதும் அது மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். ஒரு போத்தல் பெற்றோலை நாட்கணக்கில் துளித்துளியாகச் செலவழித்தார்கள்.

இது முற்றிலும் புதிய யோசனையும் அல்ல. இங்கிலாந்தின் ஃபெர்கூசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெய் போன்ற மலிவு எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மற்ற எண்ணெய்க்கு மாற்றுவார்கள். கம்பனி செய்து கொடுத்ததை, வன்னியில் கராஜ்காரர் மரநிழலில் செய்தார்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரின் வயதே மருந்தாயிற்று. பழைய எஞ்சின்கள் கலவையைக் குறைவாகவே அமுக்கும். அதனால்தான் புதிய கார்களால் முடியாததை ஒஸ்ரினும் மொரிஸும் தாங்கிக்கொண்டன.

ஆனாலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கரும்புகை, கண்ணெரிச்சல், பிளக்கில் கரி. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பிளக்கைக் கழற்றித் துடைப்பது ஓயாத வேலை.

ஒரே எஞ்சின், இரண்டு பாதைகள்

உங்கள் மகன்மாருக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

1956இல் வந்த மொரிஸ் மைனர் 1000 காரில் இருந்தது 948 சீசீ எஞ்சின். ஒரு காபரேற்றர், சுமார் 37 குதிரைவலு. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்ற விளையாட்டுக் காரிலும் அதே 948 சீசீ எஞ்சின்தான். இரண்டு காபரேற்றர் பூட்டி, சுமார் 43 குதிரைவலு ஆக்கினார்கள். அந்த எஞ்சின் குடும்பத்தின் இன்னொரு பிள்ளைதான் மினி கூப்பர். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ராலியை வென்ற கார் அது.

வேகம் வேண்டுமென்றால் எஞ்சின் தலையைச் சீவி, அமுக்கத்தைக் கூட்டி, நல்ல பெற்றோல் ஊற்றுவார்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டுமென்றால் அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். ஒரே இரும்பு, வேலை மட்டும் நேர் எதிர். எதை, ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்த கைக்கு இரண்டும் வசப்படும். தெரியாத கை இரண்டிலும் எஞ்சினைக் கெடுக்கும்.

விளக்கா, வண்டியா?

அந்த மண்ணெண்ணெய் காருக்கு மட்டும் உரியதல்லவே! குப்பி விளக்குக்கும் அதுதான், அடுப்புக்கும் அதுதான். மின்சாரம் இல்லாத அந்த வீடுகளில் ஜாம் போத்தலும் பஞ்சுத் திரியும் கொண்ட சிக்கன விளக்கைச் செய்து, துளி எண்ணெயில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் தாய்மார்கள். காரில் ஊற்றிய ஒவ்வொரு லீற்றரும் ஒரு வீட்டின் பல இரவு வெளிச்சம். ஆகவே கார் கிளம்பினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: நோயாளி, பிரசவம், இடப்பெயர்வு.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோமே, நினைவிருக்கிறதா? அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது மீனவக் குடும்பங்கள் எப்படித் தவித்தன! வன்னிச் சனத்துக்கு அது பழகிய வலி.

இல்லத்தரசிகள் கவனத்துக்கு

வீட்டில் பழைய கார் திருத்தும் பிள்ளையோ கணவரோ இருந்தால், இவற்றை நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்:

1. முதலில் பிறேக், பிறகு எஞ்சின். மொரிஸ் மைனரின் பிறேக் அதன் பழைய வேகத்துக்கென்று செய்யப்பட்டது. எஞ்சினின் வலுவைக் கூட்டினால் நிறுத்தும் வலுவையும் கூட்ட வேண்டும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் போடுவது நல்ல வழக்கம். டயரும் ஸ்ரியரிங்கும் அடுத்தபடி.

2. ஆசனப் பட்டி பூட்டச் சொல்லுங்கள். 2011 ஒக்டோபர் முதல் நம் நாட்டில் முன் ஆசனத்தில் இருப்போருக்கு அது கட்டாயம். பழைய கார்கள் பலவற்றில் அது இருக்காது.

3. மண்ணெண்ணெயையும் பெற்றோலையும் ஒரே மாதிரிப் போத்தலில் வைக்க விடாதீர்கள். பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை விளக்கிலோ அடுப்பிலோ ஊற்றினால் அது வெடித்துப் பற்றும். வெந்து போவது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே.

4. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

5. வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடியதே என்று இன்றைய காரில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். கணினியால் இயங்கும் எஞ்சின் அதைத் தாங்காது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஏ9 பாதையில் இப்போது புதுக் கார்கள் பறக்கின்றன. அந்தப் பழைய எஞ்சின்களைக் கட்டி மேய்த்த கராஜ்காரர்களுக்கு வயதாகிவிட்டது. வேகத்தில் ஆசையுள்ள உங்கள் பிள்ளையை ஒரு விடுமுறையில் அவர்களில் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். பிளக்கைப் பார்த்து எஞ்சினின் நோயைச் சொல்லும் அந்தக் கண்ணை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அருகிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.