வால்வு ரிக்கார்டு பிளேயருக்கு உயிரூட்டல்

பல்லாண்டு பூட்டிக் கிடந்த வால்வு ரிக்கார்டு பிளேயரைக் கண்டால், 'பாடுகிறதா, பார்ப்போம்' என்று பிளக்கைச் செருகத்தான் கை போகும். அதுதான் கூடாது.

பிரிட்டனில் 1950களிலும் 1960களிலும் பெருவாரியாக விற்ற டான்செட் போன்ற பெட்டிகள் பலவற்றில் ஒலியைப் பெருக்குவது ஈசிஎல் 82 என்னும் ஒரே வால்வு. ஒரே கண்ணாடிக் குழலுக்குள் டிரையோடு, பென்டோடு என இரண்டு குடித்தனம்! முன்னதன் ஆனோடிலிருந்து பின்னதன் கிரிட்டுக்கு ஒலியலையை மட்டும் விட்டு, நேர்மின்சாரத்தைத் தடுத்து நிற்பது ஒரு சிறு காகிதக் கண்டன்சர். வயதானால் அது கசியும். வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துக் கொதிக்கும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகலாம். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது வால்வை அன்று, இக்கண்டன்சரையே. பாட்டோடு ஓயாத முனகல் கேட்டால், மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டன்சர் காய்ந்துவிட்டது என்று பொருள்.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அப்பெரிய கண்டன்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரால் அளந்த பிறகே உள்ளே கை வைக்கலாம். சில மலிவுப் பெட்டிகளில் சேசிஸே மெயின்சோடு நேராக இணைந்திருக்கும். அவற்றை அனுபவசாலியிடம் விடுவதே நலம்.

இயந்திரப் பகுதி எளிது. இறுகிய கிரீசைத் துடைத்துப் புதிது இட வேண்டும். ரப்பர்ச் சக்கரம் கெட்டித்து வழுக்கினால் பாடகர் குரல் இழுபடும். முள்ளில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது: 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலம், லாங்பிளேயின் பள்ளம் நுண்மை. தேய்ந்த முள் ஒரே ஓட்டத்தில் தட்டைக் கீறிவிடும்.