கீழ்ப்பாக்கம்னா என்ன சிரிப்பு?

வடபழனியில் மெட்ரோ ஏறினால் ஒன்பதாவது ஸ்டேஷன் கீழ்ப்பாக்கம். ரயில் மாறக்கூட வேண்டாம். ஆனால், "நாளைக்குக் கீழ்ப்பாக்கம் போறேன்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து ஸீட் ஆசாமி சிரிக்கவில்லை என்றால் அவர் தமிழ் சினிமாவே பார்க்காதவர் என்று அர்த்தம். எங்கள் பேட்டை ஸ்டூடியோக்களின் கைங்கர்யம் அது!

அந்த ஆஸ்பத்திரியின் ஜாதகம் அவ்வளவு சிரிப்பானது இல்லை. 1794-ல் வாலண்டைன் கானலி என்ற கம்பெனி டாக்டர் புரசைவாக்கத்தில் 16 பேரை வைத்து ஆரம்பித்தார். 1871-ல் இப்போதைய தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961-லிருந்து 1978 வரை அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். உள்ளே அடைத்து வைக்கிற இடம் என்பதை மாற்றி, வந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற இடமாகவும் ஆக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. 2021-ல், 98 வயதில் காலமானார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை) ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். கான்ட்ராக்ட் வேலை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நெருங்கினால் நெஞ்சு படபடப்பு, வியர்வை, செத்துப்போய்விடுவோமோ என்று பயம். முதலில் இதய டாக்டரிடம்தான் ஓடினார். எல்லோரும் அப்படித்தானே? ஈ.சி.ஜி. நார்மல். "மனநல டாக்டரைப் பாருப்பா" என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் என் பி.காம். மூளை வேலை செய்தது. நண்பரின் சம்பளம் ரூ.22,500. இ.எஸ்.ஐ. கிடைக்குமா? 2017-ல் வைத்த வரம்பு ரூ.21,000. ஆயிரத்தைந்நூறு ரூபாயில் அவுட்! இவ்வளவுக்கும் கே.கே.நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அவர் ரூமிலிருந்து நடக்கிற தூரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்? குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். தனியார் பாலிசி? மனநோயையும் மற்ற நோய் மாதிரியே சேர்க்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் பெட்டில் படுத்தால்தான் காசு தரும். நடந்து போய் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குகிறவனுக்குப் பட்டை நாமம்.

தனியார் டாக்டர் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய். மாதம் இரண்டு தடவை, மாத்திரை தனி. இரண்டு மாதத்தில் நண்பர் கைவிட்டார். மாத்திரையையும் சேர்த்து. படபடப்பு திரும்பி வந்துவிட்டது.

பிறகுதான் அரசு ஆஸ்பத்திரி. நானும் துணைக்குப் போனேன் (எது என்று சொல்லமாட்டேன்). காலை ஏழரைக்குச் சீட்டு வாங்கி, பெஞ்சில் மூன்று மணி நேரம். உள்ளே ஒரே அறையில் இரண்டு டாக்டர்கள், நான்கு நோயாளிகள். நண்பர் தன் பயத்தைச் சொல்லும்போது பின்னால் நின்ற ஒரு பெரியவர் "த்சொ... த்சொ..." என்று அனுதாபப்பட்டார்! நான்கு நிமிடம்தான். ஆனால் அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகள் சரியான கேள்விகள். "தூக்கம் எப்படிப்பா? மாத்திரையை நடுவுல நிறுத்தினியா?" என்றார். தனியாரில் எழுதிய அதே மருந்து. காசு? சல்லிக்காசு இல்லை.

இல்லை என்றா சொன்னேன்? கணக்கைப் பாருங்கள். பதினைந்து நாளைக்குத்தான் மாத்திரை. அதனால் மாதம் இரண்டு நாள் லீவு. லீவு போட்டால் சம்பளம் கட். ஒரு நாளைக்கு ரூ.750. ஆக, இலவச வைத்தியத்துக்கு மாதச் செலவு ரூ.1,500!

டாக்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை சார். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனக்கோளாறுகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் எந்த வைத்தியமும் எடுப்பதில்லை. பக்கத்தில் வைத்தியம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டபடியே 28 பேர் எரிந்துபோனார்களே, அவர்களும் யாரோ ஒரு வீட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள்தான்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. நிலைமை சீரானவர்களுக்கு ஒரு மாத மாத்திரை. வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால ஓ.பி. பேசும்போது நடுவே ஒரு திரைச்சீலை. திரைச்சீலை என்ன விலை விற்கிறது என்று தி.நகரில் விசாரித்துச் சொல்லவும் தயார்.

ராத்திரி இரண்டு மணிக்குப் படபடத்தால் 14416-க்கு போன் செய்யலாம். டெலி-மானஸ். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. நண்பர் ஒரு தடவை பேசியிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவே ஒரு மாத மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டார். நல்லவேளை. ஆபீஸில் ஒவ்வொரு முறையும் "பல் டாக்டர்" என்றுதான் லீவு எழுதிக்கொண்டிருந்தாராம். ஆறாவது லீவு லெட்டரைப் பார்த்த மேனேஜர், "ஏன்யா, உனக்கு மொத்தம் எத்தனை பல்லு?" என்று கேட்டிருக்கிறார்.